ஆகாயத்தில் ஒரு நீண்ட இரவு



பயணம் மனிதனின் உறக்கத்தையும் உணவையும் குறைத்துவிடும் சிரமம் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். சென்ற காரியம் முடிந்ததும் காலந்தாழ்த்தாமல் குடும்பத்தாரிடம் திரும்பிவிடும்படியும் வழிகாட்டியிருக்கிறார்கள். இன்றைய விமானக் கம்பெனிகளோ, இழக்கும் அந்த உறக்கத்தையும் உணவையும் கூடுதல் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்கின்றன. நீண்டதூர இரவு விமானங்களில் 'பிசினஸ் வகுப்பு' என்று ஒரு பகுதி இருப்பது இதற்காகத்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்து வாழ்கிறார்கள். வயதான தாய் தந்தையரை அழைக்கும்போது, "அவர்கள் படுத்துக்கொண்டு வரட்டும்" என்று இந்த வகுப்பில் சீட்டு எடுத்து அனுப்புகிறவர்களும் பெருகி வருகிறார்கள். அது தேவையா, ஆடம்பரமா? அந்த வகுப்பில் ஓர் இரவைக் கழித்தவன் என்ற முறையில், கண்டதைக் கண்டபடி உங்கள் முன் வைக்கிறேன்.

சிங்கப்பூரில் என் மூத்த சகோதரர் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்த என் தாயாரை, 2023 டிசம்பரில் லண்டனில் இருக்கும் என் தம்பியிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. உம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அதனால் தம்பி எங்கள் இருவருக்கும் பிசினஸ் வகுப்பிலேயே சீட்டு எடுத்திருந்தான்.

சாய்வு நாற்காலி கட்டிலான கதை

விமானத்தில் முதல் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் இடையில் இப்படி ஒரு வகுப்பு தோன்றியது 1970களின் இறுதியில்தான். தொடக்கத்தில் அது சற்று அகலமான நாற்காலி மட்டுமே. முற்றிலும் தட்டையாக விரியும் படுக்கையை 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இந்த வகுப்பில் அறிமுகப்படுத்தியது. பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வழியில் சென்றன.

சாதாரண வகுப்பில் முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையே கிடைப்பது பெரும்பாலும் 31 அல்லது 32 அங்குலம். இங்கேயோ ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்க ஆறடிக்கும் மேல் இடம். விசையை அழுத்தினால் நாற்காலி மெல்லத் தாழ்ந்து கட்டிலாகிறது. மேலே விரிக்க மெத்தை விரிப்பு, தலையணை, போர்வை எல்லாம் தருகிறார்கள். நடுவில் அடுத்தடுத்து அமைந்த இரு இருக்கைகள் எங்களுடையவை. இடையில் இருந்த சிறு தடுப்பை இறக்கிவிட்டதும், உம்மாவின் கை எட்டும் தூரத்தில் நான் இருந்தேன்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். எவ்வளவு கொடுத்தாலும் காற்று எல்லாருக்கும் ஒன்றுதான். விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போன்றது. நம் ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி என்பதை எண்ணிப் பாருங்கள். ஈரப்பதமும் மிகக் குறைவு. உதடு வறள்வதும், நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகத் தெரிவதும் இதனால்தான். வெள்ளித் தட்டில் கொடுத்தாலும் சாப்பாடு சப்பென்றே இருக்கும்.

உணவும் பானமும்

விமானத்தில் ஏறி அமர்ந்ததும் வரவேற்புப் பானத் தட்டு வந்தது. ஆப்பிள் சாறும் மதுவும் ஏறக்குறைய ஒரே நிறத்தில், ஒரே மாதிரிக் கண்ணாடிக் கோப்பைகளில் அருகருகே நின்றன. உம்மா வெள்ளந்தியாகக் கை நீட்ட, நான் தடுத்து, பணிப்பெண்ணிடம் கேட்டுச் சாற்றை எடுத்துக் கொடுத்தேன். அவரும் கனிவோடு, தட்டைத் திருப்பி எது எதுவென்று காட்டினார். முதியவர்களைத் தனியே அனுப்புகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். "தண்ணீர் மட்டும்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

முஸ்லிம்களுக்கான உணவுக்கு விமானத் துறையில் 'எம்.ஓ.எம்.எல்.' என்ற குறியீடு உண்டு. அதை முன்பதிவு செய்ய வேண்டும். தம்பி இருவருக்கும் பதிவு செய்திருந்தான். ஆயினும் வந்தது என் பெயருக்கு மட்டுமே. உம்மாவுக்குரியது பட்டியலில் இல்லையாம்! என் தட்டை உம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, பழமும் ரொட்டியும் உண்டு நான் திருப்தி அடைந்தேன். ஆகவே, பயணத்துக்கு இரண்டு நாள் முன்பாக ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியே பதிவாகியிருக்கிறதா என்று மீண்டும் விசாரியுங்கள். நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும்போதும் ஒருமுறை கேளுங்கள். கைப்பையில் நாலு பேரீச்சம்பழம் இருக்கட்டும்.

ஒளூவும் தொழுகையும்

மஃரிபையும் இஷாவையும் சாங்கி விமான நிலையத்துத் தொழுகை அறையிலேயே நிறைவேற்றிவிட்டோம். பயணியாக இருப்பவர் இவ்விரண்டையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. ஹனஃபி சகோதரர்கள் அந்தந்த நேரத்தில் தொழுவார்கள். இரவு 11.30 மணிக்குப் பிறகு புறப்படும் விமானத்துக்கு இருவகையினருக்குமே போதிய அவகாசம் இருக்கிறது.

விமானக் கழிவறை பிசினஸ் வகுப்பிலும் சிறியதுதான். கால் கழுவ முயன்று தரையெல்லாம் நீராக்கினால் அடுத்தவர் வழுக்கி விழ நேரும். இதற்கு மார்க்கம் எளிய வழி தந்திருக்கிறது. ஒளூவுடன் தோல் காலுறை அணிந்துகொண்டால், பயணி மூன்று நாட்கள் வரை அதன் மேல் மஸஹு செய்துகொள்ளலாம். பர்ளான தொழுகையை, இயன்றவர் கிப்லாவை நோக்கி நின்றே தொழ வேண்டும். பணியாளர்களிடம் பணிவாகக் கேட்டால், உணவு வேளை முடிந்த பிறகு ஓர் ஓரத்தில் இடம் தருவார்கள்.

விடியாத இரவு

விளக்குகளை அணைத்தார்கள். எதிரே இருந்த திரையில் எங்கள் விமானம் வங்காள விரிகுடாவைக் கடந்து இந்தியாவின் மேல் ஊர்ந்தது. "நம்ம ஊர் எங்கே வாப்பா?" என்று உம்மா கேட்டார். தெற்கே சுட்டிக் காட்டினேன். சிறிது நேரம் அதையே பார்த்திருந்துவிட்டுக் கால் நீட்டி உறங்கிப் போனார். முழங்கால் வலியால் வீட்டிலேயே இரவில் பலமுறை விழிப்பவர், அன்று தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் உறங்கினார். அந்த வகுப்பைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய பாராட்டு இதுவே.

திடீரென்று என் தோளை ஒரு கை தொட்டது.

"சுபுஹு நேரம் ஆயிடுச்சு வாப்பா, எழுந்திரு."

உம்மாவின் கைக்கடிகாரம் சிங்கப்பூர் நேரப்படி 5.45 காட்டியது. ஆனால் நாங்கள் அப்போது பாகிஸ்தான் பகுதிக்கு மேலே இருந்தோம். கீழே இன்னும் பின்னிரவு மூன்று மணிகூட ஆகவில்லை. மேற்கே பறப்பவனுக்கு இரவு நீளும். பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் நிலநடுக்கோட்டில் மணிக்கு 1,670 கிலோமீட்டர். வடக்கே செல்லச் செல்ல அது குறைந்து, ஐரோப்பாவை ஒட்டிய 50 பாகை அட்சரேகையில் ஏறத்தாழ 1,070 கிலோமீட்டர் ஆகிறது. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே ஓடுகிறது. ஆகவே விடியல் பின்னால் துரத்தி வந்தாலும் எளிதில் எட்டிப் பிடிப்பதில்லை. தொழுகை நேரத்தைத் தீர்மானிப்பது கைக்கடிகாரம் அன்று. நாம் இருக்குமிடத்தில் அடிவானத்தில் தெரியும் வெளிச்சமே.

இதை நான் விளக்கியும் உம்மாவின் மனம் ஆறவில்லை. கடிகாரம் ஏழைத் தாண்டியது, எட்டைத் தாண்டியது. "சூரியன் ஏறியிருக்குமே, சுபுஹு போயிடுமே" என்று பதறினார். அவரைக் கைத்தாங்கலாகச் சன்னல் ஓரம் அழைத்துச் சென்று வெளியே காட்டினேன். நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. கிழக்கு வெளுக்கவே இல்லை.

உம்மா பெருமூச்சு விட்டார். "நீ சொன்னா சரிதான் வாப்பா. நீ பொய் சொல்ல மாட்டே" என்றார்.

வாசகர்களே, அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனென்றால், அன்று மாலை நிலையத்து ஓய்வறையில் உம்மா, "இதுக்கெல்லாம் எவ்வளவு காசு?" என்று கேட்டபோது, "தம்பிக்கு ஆபீஸில் சலுகையில் கிடைத்தது" என்று நான் பொய் சொல்லியிருந்தேன். உண்மை தெரிந்தால் ஏற மறுத்துவிடுவார் என்று தம்பி சொல்லிக்கொடுத்த பொய் அது. நாள்தோறும் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பாடம் நடத்துகிற நாவிலிருந்தே அது வந்தது. தொழுகை நேரத்துக்கே என் சொல்லை நம்புகிற தாயிடம் இனியும் அதைச் சுமக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். சாதாரண வகுப்பைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்குக் கட்டணம். இருவருக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கொடுத்தது மட்டும் நான்கு லட்சம் ரூபாய்.

உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு குமர் காரியம் முடிஞ்சிருக்குமே வாப்பா" என்றார். சற்றுப் பொறுத்து, "அவன் ஆசையாக் கொடுத்தான். அதைக் குறை சொல்லக் கூடாது. திரும்பிப் போறப்ப இது வேணாம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் பறந்து, விடியும் முன்பே ஹீத்ரோவில் இறங்கினோம். டிசம்பரில் லண்டனில் சூரியன் உதிக்க எட்டு மணி ஆகும். நிலையத்துத் தொழுகை அறையில், நேரம் நுழைந்த பிறகு, நிம்மதியாக சுபுஹு தொழுதோம்.

தேவையா, ஆடம்பரமா?

திருக்குர்ஆனின் 25ஆம் அத்தியாயம் 67ஆம் வசனம், செலவில் வீண் விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுநிலையாளரைப் புகழ்கிறது. ஒரே கட்டணம் ஒருவருக்கு விரயமாகவும் மற்றொருவருக்கு மருந்தாகவும் அமையலாம். திடகாத்திரமான என் போன்றவனுக்கு அந்தக் கட்டில் அன்று தேவைப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தம்பி உம்மாவுக்கு மட்டும் அந்த வகுப்பிலும் எனக்குச் சாதாரண வகுப்பிலும் எடுத்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

"படுத்துச் செல்லாவிட்டால் காலில் இரத்தம் உறையும்" என்று அஞ்சி இதை எடுப்போரும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆயினும் பாதிக்கப்படுவோர் 6,000 பேருக்கு ஒருவர் அளவே. காரணம் வகுப்பன்று, அசையாமல் இருப்பதே. எந்த வகுப்பிலும் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். அமர்ந்தபடியே கணுக்காலை மடக்கி நீட்ட வேண்டும். தண்ணீர் அருந்த வேண்டும். முன்பே இந்நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். வாசலிலிருந்து வாசல்வரை சக்கர நாற்காலி உதவி, கேட்டால் எல்லா வகுப்பினருக்கும் கிடைக்கும். சாதாரண வகுப்பிலும் நடைபாதை ஓர இருக்கை எடுத்தால் முதியவர்கள் எழுந்து நடக்க எளிது.

2024 பிப்ரவரியில் லண்டனிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ பத்து மணி நேரப் பயணத்தை உம்மா சாதாரண வகுப்பில்தான் செய்தார். தம்பி கண் கலங்கியும் இசையவில்லை. மிச்சமான பணம், உம்மா குறிப்பிட்ட ஓர் ஏழைக் குமரின் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அது யார் என்று எழுதுவது முறையன்று.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். ஊர் வந்து சேர்ந்தபோது உம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. மூன்று நாட்கள் படியிறங்க முடியவில்லை. அவர் ஒரு முறையும் முனகவில்லை. எண்ணெய் தேய்த்துவிடும்போது நான் முகம் பார்க்கத் துணியாமல் இருந்தேன். உம்மா செய்தது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. மகனாகிய நான் அதற்கு இணங்கியது சரியா என்ற கேள்வி மட்டும் இன்றும் என்னுடன் இருக்கிறது.

எனவே வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். பெற்றோரின் உடல்நிலை கேட்குமானால், தாராளமாக அந்தக் கட்டிலை வாங்கிக் கொடுங்கள். அது விரயமன்று, பணிவிடை. உடல் நன்றாயிருந்தால், அதே பணத்துக்கு வேறு நல்ல வழிகளும் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். எதைச் செய்தாலும் விலையை மறைத்துச் செய்யாதீர்கள். நம் தாய்மார்கள் வலியைத் தாங்குவார்கள். பிள்ளையின் பொய்யைத் தாங்க வைப்பது நமக்கு அழகன்று.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் செலவுகளை நடுநிலையானவையாகவும், நம் நாவுகளை வாய்மையுடையவையாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.