மாற்றியமைத்த பழைய கார்: வாங்கும் முன் அறிவியல் கேட்கும் கேள்விகள்

மாணவர்களே, இரண்டு கதவுகள் கொண்ட புரோட்டோன் புத்ரா காரைப் பார்த்திருக்கிறீர்களா? 1996-ஆம் ஆண்டு அறிமுகமான இந்த மலேசியக் கூபே காருக்கு இன்றும் இரசிகர்கள் உண்டு. ஆனால், விற்பனைக்கு வரும் பழைய புத்ரா பல கைகள் மாறியிருக்கும். தாழ்த்தப்பட்ட உடல், அகன்ற டயர், பெரிய புகைக்குழாய் எனப் பல மாற்றங்கள் இருக்கலாம். சிலவற்றில் இயந்திரமே வேறாக இருக்கும். உங்கள் அண்ணனோ மாமாவோ இத்தகைய காருக்கு விலை பேசப் போனால் நீங்களும் உடன் செல்லுங்கள். வகுப்பில் கற்ற அறிவியல் அங்கே கைகொடுக்கும்.

"என்ன மாற்றினீர்கள்?" என்று எல்லாரும் கேட்பார்கள். "அதனோடு சேர்த்து வேறு எதை மாற்றினீர்கள்?" என்பதே முக்கியமான கேள்வி.

பிரேக் தாங்குமா?

புத்ராவின் அசல் 1.8 லிட்டர் இயந்திரம் ஏறக்குறைய 140 குதிரைத்திறன் கொண்டது. சிலர் அதை எடுத்துவிட்டு, மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷன் காரின் 2.0 லிட்டர் டர்போ இயந்திரத்தைப் பொருத்துவார்கள். 1996-இல் வந்த எவல்யூஷனில் அதன் திறன் 280. அதாவது இரு மடங்கு.

இனி ஒரு கணக்கு. ஆட்களோடு சேர்த்துக் காரின் பொருண்மை 1,200 கிலோகிராம் என்று கொள்வோம். வினாடிக்கு 20 மீட்டர் (மணிக்கு 72 கிலோமீட்டர்) வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 240,000 ஜூல். வினாடிக்கு 30 மீட்டர் (மணிக்கு 108 கிலோமீட்டர்) வேகத்தில் 540,000 ஜூல். வேகம் ஒன்றரை மடங்கு கூடியதும் ஆற்றல் இரண்டேகால் மடங்காகிவிட்டது. காரை நிறுத்தும்போது இதில் பெரும்பகுதியை பிரேக்தான் வெப்பமாக மாற்ற வேண்டும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடினால் அதன் கொதிநிலை குறையும். கடும் வெப்பத்தில் அது கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தைப் போலன்றி ஆவி எளிதில் அழுந்தும். அதனால் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்காது. இயந்திரம் புதியது, பிரேக் மட்டும் பழையது என்றால் அந்தக் கார் ஆபத்தானது.

வெட்டிய ஸ்பிரிங்

காரைத் தாழ்த்த, சிலர் ஸ்பிரிங்கை வெட்டிவிடுகிறார்கள். 6 சுற்றுகளில் 2 வெட்டினால் ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிடும். சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரமோ குறைந்துவிடும். குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டு நழுவவும் கூடும். சக்கரத்தின் சாய்வு மாறியிருந்தால் டயரின் உள்விளிம்பு மட்டும் அதிகம் தேய்ந்திருக்கும். குனிந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

சாயத்தின் அடியில்

மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகடுகளின் மேல் வைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் ஒட்டவில்லை என்றால் அங்கே தடித்த புட்டி பூசியிருக்கலாம். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதில் இச்சோதனை பலிக்காது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு அதை விரைவாக்கும். ஜொகூரில் கடலோர ஊர்கள் பல. 2006-07-இல் கோத்தா திங்கியையும் 2023-இல் பத்து பகாட்டையும் வெள்ளம் சூழ்ந்தது. ஆகவே, தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கைவாரை முழுவதும் இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

புகை சொல்லும் செய்தி

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. நிற்காமல் வரும் அடர்ந்த வெண்புகை, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதைக் காட்டலாம்.

எண்கள் பொருந்துகின்றனவா?

இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் பதிவு ஆவணத்தோடு பொருந்த வேண்டும். இயந்திரத்தை மாற்ற ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. உரிமை மாற்றத்திற்கு முன் புஸ்பாகோமில் நடக்கும் பி5 பரிசோதனையில் இந்த எண்களையும் பார்ப்பார்கள். காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்காத மாற்றம் இருந்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். உரிமையாளர் ஆவணம் காட்டத் தயங்கினால், முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் காரை உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு ஸ்பிரிங்கில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு நீட்சியை அளந்துகொள்ளுங்கள். பிறகு, அதே போன்ற இரு ஸ்பிரிங்குகளை ஒன்றன் கீழ் ஒன்றாக மாட்டி அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் அதன் விறைப்பு எத்தனை மடங்காகும் என்பதை உங்கள் அளவீடுகளே சொல்லும்.