டீக்கோப்பையும் ஆய்வேடும்

சொந்த ஆராய்ச்சியைச் சாதாரண மக்களுக்குப் புரியவைக்க முயலும் பிஎச்.டி. மாணவர்கள் நாட்டில் பெருகி வருகிறார்கள். கேட்க ஆளிருக்கிறது. சொன்னவர்களுக்குத்தான் பலன் என்ன என்று தெரியவில்லை.

மும்பையின் தென்கோடியில் கொலாபா கடற்கரையில் இருக்கிறது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். வெளியாள் உள்ளே போக வேண்டுமானால் வாசலில் பெயர் பதிந்து சீட்டு வாங்க வேண்டும். ஜூஹூவில் உள்ள பிருத்வி தியேட்டரில் அந்தத் தொல்லை கிடையாது. 2009 ஜனவரியில் நிறுவனத்து விஞ்ஞானிகள் ஒரு ஞாயிறு காலை இந்த நாடகக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். நிகழ்ச்சியின் பெயர் 'சாய் அண்ட் ஒய்?'. அனுமதி இலவசம். கையில் டீ, வாயில் 'ஏன்?' என்ற கேள்வி.

இதில் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பங்குண்டு. சோதனைகளை எடுத்து வைப்பது, செய்து காட்டுவது, கூட்டம் முடிந்த பிறகும் நகராத சிறுவர்களுக்குப் பதில் சொல்வது என்று வேலை நிறைய. கடைசி வேலைதான் கடினம். வானம் ஏன் நீலம் என்ற கேள்விக்கு இயற்பியல் மாணவர் எவரும் தூக்கத்திலும் பதில் சொல்வார்: அலைநீளம் குறையக் குறைய ஒளி அதிகமாகச் சிதறும். ஊதாவின் அலைநீளம் நீலத்தைவிடக் குறைவாயிற்றே, அப்படியானால் வானம் ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு பத்து வயதுப் பையன் திருப்பிக் கேட்டால் சமன்பாடு கைகொடுக்காது. சூரிய ஒளியில் ஊதாவின் பங்கே குறைவு, அதிலும் ஒரு பகுதி மேல் வளிமண்டலத்தில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது, நம் கண்ணும் ஊதாவை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்று இயற்பியலிலிருந்து உடலியல்வரை போய் வர வேண்டும். 1921-ல் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலம் என்று கேட்டுக்கொண்ட ராமனுக்கு 1928 பிப்ரவரி 28-ல் கிடைத்தது என்ன என்பது நாடறியும். கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்ததே என்று அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

மும்பைக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்த ஊர் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத், இப்போது நர்மதாபுரம். அமெரிக்காவின் கால்டெக்கில் பிஎச்.டி. முடித்து, டாடா நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியலாளராக இருந்த அனில் சத்கோபால் அந்த வேலையை உதறிவிட்டு இந்த மாவட்டத்துக்கு வந்தார். 'கிஷோர் பாரதி' அமைப்பைத் தொடங்கினார். 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய அறிவியல் கல்வித் திட்டம் ஆரம்பமானது. மனப்பாடம் கிடையாது. மாணவர்களே பூவைப் பிரித்துப் பார்த்தார்கள், அளந்தார்கள், தப்பாக அளந்து மறுபடி அளந்தார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா நிறுவனத்திலிருந்தும் ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் ரயிலேறி வந்து கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். தில்லியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த வினோத் ரைனா பிறகு வேலையையே விட்டார். 1982-ல் உருவான 'ஏகலவ்யா' இந்தத் திட்டத்தை மேலும் பல மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது.

அந்தத் திட்டத்தில் 'சவாலிராம்' என்று ஒருவர் உண்டு. இந்தியில் சவால் என்றால் கேள்வி. ஆள் நிஜமில்லை, ஆனால் அவருக்குக் கடிதங்கள் வந்தன. மாணவர்கள் தோன்றியதையெல்லாம் கேட்டு எழுதுவார்கள், திட்டத்தில் இருந்தவர்கள் சவாலிராமின் பெயரில் பதில் எழுதுவார்கள். டாக்டர் பட்டம் பெற்றவர்களையும் நூலகத்துக்கு விரட்டக்கூடிய கேள்விகள். 2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. அப்போது ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள் அதில் இருந்தன. முப்பது ஆண்டு உழைப்புக்கு ஓர் அரசாணை போதுமானதாக இருந்தது.

தில்லிக்கு இந்த யோசனை வேறு உருவில் 2018-ல் வந்தது. ஆண்டுதோறும் 20,000-க்கும் மேற்பட்டோர் அறிவியல், தொழில்நுட்பத்தில் பிஎச்.டி. பெறுகிறார்கள் என்று கணக்குச் சொன்ன மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, அவர்கள் ஒவ்வொருவரும் தம் ஆய்வைப் பற்றி எளிய கட்டுரை ஒன்று எழுதினால் என்ன என்று கேட்டது. 'அவ்சார்' என்ற போட்டி பிறந்தது. முதல் பரிசு ரூ. 1 லட்சம், தேர்வாகும் நூறு கட்டுரைகளுக்குத் தலா ரூ. 10,000. நல்ல காரியம்தான். அன்றைய ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் ரூ. 25,000 (2019-ல் 31,000, 2023-ல் 37,000 ஆனது). அதுவும் மாதம் தவறாமல் வருவதில்லை என்று மாணவர்கள் தெருவில் இறங்கிய காலம். பத்தாயிரம் சிறு தொகை அல்ல. போட்டியை நடத்துவதில் பங்கேற்ற விஞ்ஞான் பிரசார் நிறுவனத்தை அரசே 2023-ல் மூடிவிட்டது வேறு கதை.

எனக்குள்ள சந்தேகம் வேறு. கட்டுரை எழுதி அனுப்புகிறவரிடம் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. சவாலிராமிடம் கேட்டார்கள். நடுவர் பாராட்டும் எளிமையும், ஆறாம் வகுப்புப் பெண் ஒப்புக்கொள்ளும் எளிமையும் ஒன்றல்ல.

திருப்பிக் கேட்கும் மக்களை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் சந்திக்க நேர்ந்தது 2020-ல்தான். கொரோனா பரவிய மார்ச் மாதத்தில் நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் தாமாகவே ஒரு குழுவாகத் திரண்டார்கள். வாட்ஸ்அப்பில் பறந்த புரளிகளுக்கு ஒவ்வொன்றாக மறுப்பு எழுதி, பல இந்திய மொழிகளில் பெயர்த்தார்கள். 14 மணி நேரம் வீட்டுக்குள் இருந்தால் வைரஸ் சங்கிலி அறுந்துவிடும் என்ற செய்திக்கு வந்த மறுப்பு அப்படிப்பட்டது. ஆய்வுக்கூடங்கள் பூட்டிக்கிடந்ததால் கையில் நேரம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பூட்டு திறந்ததும் பழைய கணக்கு திரும்பிவிட்டது. கைடு கேட்பது ஆய்வுக் கட்டுரைகளை, வேலைக்கான தேர்வுக்குழு எண்ணுவதும் அவற்றைத்தான். கிராமப் பள்ளியில் கழித்த பத்து சனிக்கிழமைகளுக்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. 'மாணவர் கவனம் சிதறுகிறது' என்று சில கைடுகள் முகம் சுளிப்பதும் உண்டு. அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது, உதவித்தொகை ஐந்தாண்டில் நின்றுவிடும். விஞ்ஞானிகள் ஆண்டுக்குக் குறைந்தது பத்து நாளைச் சமுதாயத்துக்குத் தர வேண்டும் என்று மத்திய அரசின் வரைவு ஒன்று 2019-ல் சொன்னது. இறுதி வழிகாட்டி நெறிகள் 2022-ல் வெளியாயின. அதே ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவும் புதிய பிஎச்.டி. விதிகளை வெளியிட்டது. வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் வகுப்பு உதவி, ஆய்வுக்கூடப் பணி, விடைத்தாள் மதிப்பீடு ஆகியவற்றை மாணவர்களுக்கு ஒதுக்கலாம் என்கின்றன அவை. அந்த மணி நேரமெல்லாம் பல்கலைக்கழக மதிலுக்கு உள்ளேதான்.