விமானத்தில் காது வலிப்பது ஏன்?

2018ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் காலை. மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு 166 பயணிகளுடன் ஒரு விமானம் கிளம்பியது. அது மேலே ஏறிக்கொண்டிருந்தபோதே பலருக்குத் தாங்க முடியாத காதுவலி ஏற்பட்டது. சிலருக்கு மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. இருக்கைகளுக்கு மேலிருந்து ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்து தொங்கின. விமானம் உடனே மும்பைக்குத் திரும்பிப் பத்திரமாக இறங்கியது. ஏறத்தாழ 30 பயணிகள் பாதிக்கப்பட்டிருந்தனர். விமானத்தினுள் காற்றைச் செலுத்தும் விசையைப் போடத் தவறியதே இதற்குக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது.

ஒரு விசையைப் போடாததால் இத்தனை துன்பமா? ஆம். விமானத்தினுள் காற்றழுத்தம் எப்படிக் காக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் இது விளங்கும்.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 76 செ.மீ. உயரமுள்ள பாதரசத் தம்பத்தின் அழுத்தத்திற்குச் சமம். மேலே செல்லச் செல்ல அது குறையும். பெரிய விமானங்கள் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் அது சுமார் 17 செ.மீ. மட்டுமே. வெப்பநிலையோ பூச்சியத்திற்குக் கீழே 55 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அந்த மெல்லிய காற்றைச் சுவாசித்தால் ஒரு நிமிடத்திற்குள்ளேயே நினைவு தடுமாறிவிடும். ஆகவே பெரும்பாலான விமானங்களில், எஞ்சின்களில் அழுத்தப்படும் காற்றின் ஒரு பகுதியை எடுத்து, குளிரச் செய்து, பயணிகள் இருக்கும் அறைக்குள் செலுத்துகிறார்கள்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் அழுத்தம் 76 செ.மீ. அன்று, சுமார் 56 செ.மீ.தான். இது ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருக்கும் அழுத்தம். உதகமண்டலத்தின் உயரம் 2,240 மீட்டர். தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். விமானத்தில் செல்பவர் நாற்காலியில் அமர்ந்தபடியே, அரைமணி நேரத்திற்குள், உதகைக்கும் தொட்டபெட்டாவுக்கும் இடைப்பட்ட உயரத்திற்கு ஏறிவிடுகிறார் என்று சொல்லலாம்.

மலைப்பாதையில் பேருந்தில் செல்லும்போது காது அடைத்துக்கொள்வதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். செவிப்பறைக்கு உட்புறம் நடுச்செவி என்னும் சிறு காற்றறை இருக்கிறது. அதைத் தொண்டையுடன் இணைப்பது யூஸ்டேஷியன் குழல். மேலே ஏறும்போது வெளி அழுத்தம் குறைகிறது. நடுச்செவிக் காற்று இக்குழலைத் தள்ளித் திறந்துகொண்டு எளிதில் வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை வேறு. இப்போது காற்று உள்ளே வரவேண்டும். ஆனால் குழலின் மென்மையான வாய், ஒருவழித் தடுக்கிதழ் போல் மூடிக்கொள்கிறது. எச்சில் விழுங்கும்போதோ கொட்டாவி விடும்போதோ தசைகள் இழுத்தால்தான் அது திறக்கும். விமானம் ஏறும்போதைவிட இறங்கும்போது காது அதிகமாக வலிப்பது இதனால்தான்.

குழல் சிறிதும் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் 56 செ.மீ., தரையில் 76 செ.மீ.; வேறுபாடு 20 செ.மீ. செவிப்பறையின் பரப்பு சுமார் 0.6 சதுர செ.மீ. பாதரசத்தின் அடர்த்தி 13.6 என்று கொண்டு பெருக்கிப் பாருங்கள். மெல்லிய அந்தச் சவ்வின்மீது சுமார் 160 கிராம் எடையை வைத்ததுபோல் ஆகும்! சளி பிடித்தவர்கள் விமானத்தில் படும் வேதனைக்குக் காரணம், வீங்கிய குழல் எளிதில் திறவாமையே.

வேறு தொல்லைகளும் உண்டு. பாயில் விதிப்படி, அழுத்தம் 76லிருந்து 56 ஆகக் குறைந்தால் வாயுவின் பருமன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகும். பிஸ்கட் பொட்டலம் உப்புகிறது. குடலில் உள்ள வாயுவும் பெருகி வயிறு உப்புசமாகிறது. வெளியிலிருந்து எடுக்கப்படும் கடுங்குளிர்க் காற்றில் நீராவி அநேகமாக இல்லை. அதைச் சூடாக்கினாலும் ஈரம் எங்கிருந்து வரும்? எனவே மூக்கும் தொண்டையும் உலர்ந்துபோகின்றன.

அப்படியானால் உள்ளே 76 செ.மீ. அழுத்தத்தையே வைத்தால் என்ன? இதற்கு விடை விமானத்தின் சுவரில் இருக்கிறது. இப்போது உள்ளும் வெளியும் உள்ள வேறுபாடு 56 − 17 = 39 செ.மீ. ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் 5 டன்னுக்கு மேற்பட்ட விசை வெளிநோக்கித் தள்ளுகிறது. உள்ளே 76 செ.மீ. இருந்தால் அது 8 டன் ஆகிவிடும்! அதுவும் ஒரு தடவை அன்று. ஒவ்வொரு பயணத்திலும் விமானம் உப்பி, மீண்டும் சுருங்குகிறது. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவதுபோல், உலோகமும் களைத்துவிடும்.

இந்த உண்மையை உலகம் உயிர்ப்பலி கொடுத்தே கற்றது. உலகின் முதல் ஜெட் பயணி விமானமான பிரிட்டனின் 'காமெட்' 1952இல் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரியில் ஒரு காமெட் எல்பா தீவின் அருகே நடுவானில் சிதறி, 35 பேர் மாண்டனர். ஏப்ரலில் மற்றொன்று நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்து, 21 பேர் மாண்டனர். காரணம் அறிய, ஃபார்ன்பரோவில் விஞ்ஞானிகள் ஒரு முழுக் காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினர். உள்ளேயும் தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை மாறி மாறி ஏற்றி இறக்கினர். தண்ணீர் எதற்கு? காற்றைப் போல் நீர் அமுங்குவதில்லை. ஆகவே சுவர் பிளந்தாலும் வெடித்துச் சிதறாது, பிளந்த இடத்தைக் கண்டறியலாம். அது முன்பு பறந்த பயணங்களையும் சோதனையையும் சேர்த்துச் சுமார் 3,000 பயணங்களுக்குச் சமமான அழுத்த ஏற்ற இறக்கங்களுக்குப் பின் சுவர் பிளந்தது. ஒரு திறப்பின் மூலையருகே, தகைவு மிகுந்த இடத்தில், விரிசல் தொடங்கியிருந்தது.

எனவே நம் காதுக்குச் சிறிது துன்பம், சுவருக்குச் சிறிது ஓய்வு என்று பொறியியலார் சமரசம் செய்துகொண்டனர். 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் உடல் பெரும்பாலும் கார்பன் இழைக் கலப்புப் பொருளால் ஆனது. அது எளிதில் களைப்பதில்லை, துருப்பிடிப்பதும் இல்லை. ஆகவே அதனுள் 1,800 மீட்டர் உயரத்திற்குரிய அழுத்தத்தையும், சற்று அதிக ஈரத்தையும் வைக்க முடிகிறது.

விமானப் பயணம் வாய்த்தால், இறங்கும்போது தூங்காதீர்கள். மிட்டாயைச் சப்பி, எச்சிலை அடிக்கடி விழுங்குங்கள். கடுஞ்சளி இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் புறப்படுங்கள். பக்கத்து இருக்கைக் குழந்தை வீறிட்டு அழுதால் முகம் சுளிக்க வேண்டாம். காதைத் திறக்க விழுங்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அந்நேரத்தில் தாய் பால் கொடுத்தால், விழுங்க விழுங்க வலி குறையும்.

ஒரு கணக்கு: விமானச் சன்னல் ஒன்று 25 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உடையது. உள்ளே 56 செ.மீ., வெளியே 17 செ.மீ. அழுத்தம் எனில், அதை வெளியே தள்ளும் விசை எவ்வளவு? (விடை: சுமார் 530 கிலோகிராம் எடை.)