ஆர் மொழியின் அடித்தளம் – 14: ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் ஒரு துப்புரவு

சி நிரலுக்குள் நாம் உருவாக்கும் ஆர் பொருளை ‘புரொடெக்ட்’ அடுக்கில் ஏற்றுவதையும், வெளியேறுமுன் ‘அன்புரொடெக்ட்’ செய்து இறக்குவதையும் சென்ற வாரம் பார்த்தோம். பயனில் உள்ள பொருளைக் கார்பேஜ் கலெக்டர், அதாவது தேவையற்ற நினைவகத்தை விடுவிக்கும் துப்புரவாளர், எடுத்துவிடாமல் காப்பதற்கே இந்த ஏற்றம்.

இந்த வாரம் ஆரையும் சி++ மொழியையும் இணைக்கும் ஆர்சிபிபி என்று சொல்லியிருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்ததிலிருந்து, புரொடெக்ட் பிழைகளை வெளிக்கொணரும் ஜிசி-டார்ச்சர் என்ற ஆர் வசதி என்னை விடவில்லை.

இறக்க மறந்தால் ஆர் உடனே சொல்லிவிடும்: அடுக்கின் கணக்கு உதைக்கிறது என்று எச்சரிக்கை வரும். ஏற்ற மறந்தால்? ஒரு சத்தமும் இல்லை. கார்பேஜ் கலெக்டர் ஓடுவது புதிதாக நினைவகம் கேட்கும்போது. அதுவும் கையிருப்பு போதாதபோதுதான். முதல் வெக்டரைப் பாதுகாக்காமல் இரண்டாவதைக் கேட்கிறீர்கள். இடையில் கலெக்டர் ஓடவில்லை என்றால் விடை சரியாகவே வரும். சின்னத் தரவில் ஆயிரம் முறை சோதித்தாலும் வரும். வேறொருவர் பெரிய தரவைக் கொடுக்கும்போது நிரல் செத்து விழும். விழாமல் போனால்தான் பேராபத்து. விடுவிக்கப்பட்ட இடத்தில் வேறு எண்கள் வந்து உட்கார்ந்துகொள்ள, தவறான சராசரி ஒன்று நல்ல பிள்ளையாக வெளியே வரும். புள்ளியியல் மொழியில் இதைவிடப் பெரிய கேடு எனக்குத் தெரிந்து இல்லை.

நாம் ஏற்ற மறந்ததைக் கலெக்டரே கண்டுகொள்ளாதா? ரூபி மொழியின் கலெக்டர் சி அடுக்கையே துழாவி, சுட்டி போலத் தெரிவதையெல்லாம் உயிருள்ளதாக எடுத்துக்கொள்ளும். ஆர் அப்படித் துழாவுவதில்லை. நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். ஆருக்காக லூக் டியர்னி எழுதிய தலைமுறைவாரிக் கலெக்டர் 2000 டிசம்பரில் 1.2.0 பதிப்போடு வந்தது. அதற்கு முன், நினைவகம் இவ்வளவு என்று ஆரைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்! புதிய கலெக்டர் இளம் பொருட்களையே அடிக்கடி சோதிக்கும். பழையவற்றை அபூர்வமாகத்தான் தொடும். ஆக, இப்போதுதான் பிறந்து இன்னும் அடுக்கேறாத நம் வெக்டருக்குத்தான் முதல் ஆபத்து.

ஜிசி-டார்ச்சரை இயக்கிவிட்டால், நினைவகம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கலெக்டர் ஓடும். என்றோ எங்கோ நடக்க இருந்த விபத்து உங்கள் மேசையிலேயே, பத்து எண்கள் கொண்ட தரவிலேயே நடந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை! தற்செயலை ஒழித்துவிட்டால் பிழைக்கு ஒளிய இடமில்லை. நிரல் ஊர்ந்து நகரும் என்பது உண்மைதான். அதற்குத்தான் ஜிசி-டார்ச்சர்2 இருக்கிறது. எத்தனை ஒதுக்கீட்டுக்கு ஒருமுறை ஓடலாம் என்று அதில் குறிப்பிடலாம்.

இதில் அதிகம் சிக்குவது ஒரு வகைப் பிழை. புரொடெக்ட் காப்பது மாறியை அல்ல, அப்போது அது சுட்டும் பொருளை. முழு எண் வெக்டரைப் பாதுகாத்துவிட்டு, அதே மாறியில் அதன் தசம எண் வடிவத்தை இட்டால், புதியது அம்போ என்று நிற்கும். அதற்கு ‘ரீபுரொடெக்ட்’ வேண்டும்.

ஓடாத வரியில் உள்ள பிழையை ஜிசி-டார்ச்சரால் பிடிக்க முடியாது. அங்கே தோமஸ் காலிபெராவின் ஆர்-செக் என்ற கருவி கைகொடுக்கும். அது நிரலை ஓட்டாமலே ஆராய்கிறது. கிரான் களஞ்சியத்தில் உள்ள தொகுப்புகளுக்கும் இந்தச் சோதனை உண்டு.

ஆர்சிபிபி அடுத்த வாரம். புரொடெக்ட் என்று எங்கும் எழுதாமலே அது எப்படிப் பொருட்களைக் காக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.