1000 வாட் அவசியந்தானா?

“அம்மா, விளையாட்டுக் கம்ப்யூட்டருக்கு 1000 வாட் பவர் சப்ளை வேண்டும்!” என்று பிள்ளை வந்து நிற்கிறானா? ‘இஸ்திரிப் பெட்டி மாதிரியல்லவா இருக்கிறது! கரண்ட் பில் என்ன ஆகும்?’ என்று நீங்கள் திகைப்பது நியாயமே. ஆனால் பயம் வேண்டாம். 1000 வாட் என்பது அது தரக்கூடிய எல்லை. சதா இழுக்கும் அளவல்ல. கம்ப்யூட்டர் கேட்பதைத்தான் அது கொடுக்கும்.

எவ்வளவு கேட்கும்? 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 என்னும் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 575 வாட் வரை கேட்கும். பிராஸஸருக்கு இன்னும் 200, 250 ஆகலாம். ஆகவேதான் என்விடியா கம்பெனியாரே அதற்கு 1000 வாட் சிபாரிசு செய்கிறார்கள். சிறிய கார்டானால் இவ்வளவு வேண்டியதில்லை. எனவே, முதலில் கார்டின் பெயரைக் கேளுங்கள்.

சிக்கனம் பிடிக்கும் இடம் இதுவல்ல. மட்டமான சப்ளை, கெடும்போது மற்றவற்றையும் கெடுத்துவிட்டுப் போகலாம். ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரை மின்சாரம் அதிகம் வீணாகாது என்பதற்குத்தான் சாட்சி, பத்திரத்துக்கு அல்ல. உத்தரவாதம் எத்தனை வருஷம் என்றும் பாருங்கள்.

பிள்ளையிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பழைய சப்ளையின் ஒயர்களைப் புதியதில் மாட்டக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே இணைப்பு மாறியிருக்கலாம். கார்டின் பிளக்கை இடைவெளி தெரியாமல் அழுத்திச் சொருக வேண்டும். 2022-இல் சில 4090 கார்டுகளில் பிளக் உருகியதற்கு, முழுவதும் சொருகாததும் ஒரு காரணம்.

இவ்வளவும் சரியா? இனி விளையாடட்டும், பரீட்சை முடிந்த பிறகு!