பழைய கணினியால் முடியாதா, நிறுவனம் உறுதி தராதா?

“டீச்சர், வீட்டுக் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கணுமா?” என்று படிவம் நான்கு மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். அவருடைய அப்பா 2016-இல் வாங்கிய மேசைக் கணினி அது. அவரும் தங்கையும் இடுபணிகளை அதில்தான் செய்கிறார்கள். அப்பா வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதில்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் 11-ஐ நிறுவப் போனால், ‘இந்தக் கணினி தேவைகளை நிறைவு செய்யவில்லை’ என்று மறுக்கிறது.

“கணினி பழுதாகிவிட்டதா?” என்று கேட்டேன்.

“இல்லை டீச்சர், நல்லாத்தான் ஓடுது.”

நன்றாக ஓடும் கணினி ஒரே நாளில் எப்படிப் பயனற்றதாகும்? உங்கள் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கலாம். விடை தேடுவோம், மாணவர்களே.

‘ஆதரவு’ என்றால் என்ன?

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் இடையே நின்று வேலை வாங்குவது இயங்குதளம். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரல் அது. அதில் பிழைகள் இருக்கவே செய்யும். சில பிழைகள், திருடன் நுழையக்கூடிய ஓட்டைகள். அவை தெரியவரும்போது நிறுவனம் அடைப்பு அனுப்புகிறது. அதைத்தான் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்கிறோம். தொடர்ந்து அடைப்பு அனுப்புவோம் என்ற வாக்குறுதியே ஆதரவு.

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு அந்த வாக்குறுதி 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. மறுநாளும் அந்தக் கணினிகள் வழக்கம்போல் இயங்கின. ஆனால், அதன் பிறகு கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்ற தீய நிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டி, பணம் கேட்டு மிரட்டியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தடைபட்டன. அந்த ஓட்டைக்கான அடைப்பு அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதைப் போடாத கணினிகளும், ஆதரவு முடிந்த கணினிகளும்தான் சிக்கின.

மூன்று பூட்டுகள்

2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, கணினியிடம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் போன்றவற்றைக் கேட்கிறது. பத்து வயதுக் கணினியிடமும் இவை பெரும்பாலும் இருக்கும். தடுப்பவை வேறு மூன்று.

முதலாவது, டிபிஎம் 2.0. இது கடவுச்சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் சிறு பெட்டகம். தனிச் சில்லாகவோ செயலகத்தின் உள்ளேயோ இருக்கும். இரண்டாவது, செக்யூர் பூட். கணினி விழித்தெழும்போது முதலில் ஏறும் நிரல் நம்பகமானதா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் காவலாளி இது. மூன்றாவது, செயலகப் பட்டியல். இன்டெல் என்றால் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை முதல்தான், சில விதிவிலக்குகளைத் தவிர, பட்டியலில் இடம் உண்டு.

மாணவர் வீட்டுக் கணினியில் இருந்தது ஆறாம் தலைமுறைச் செயலகம். மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். டிபிஎம் இல்லை, செயலகமும் ஏற்புடையதல்ல என்று காட்டியது. பிறகு அப்பாவின் துணையோடு பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பார்த்தார்கள். டிபிஎம் உள்ளே இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்டெல் கணினிகளில் ‘பிடிடி’ என்றும், ஏஎம்டி கணினிகளில் ‘எஃப்டிபிஎம்’ என்றும் அதற்குப் பெயர். அதை இயக்கியதும் முதல் பூட்டு திறந்தது. செயலகப் பட்டியல் மட்டும் திறக்கவில்லை. (உங்கள் கணினியில் பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால், பயாஸில் கைவைக்கும் முன் அதன் மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

இருவகை ‘முடியாது’

இங்குதான் அறிவியல் மாணவர் ஒரு கணம் நிற்க வேண்டும். ‘முடியாது’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு.

ஒன்று, இயற்பியல் அளவில் முடியாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ‘பாப்கவுண்ட்’ என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறது. ஓர் இரும எண்ணில் எத்தனை 1 இருக்கின்றன என்று எண்ணும் கட்டளை அது. 10110010 என்று கொடுத்தால் விடை 4. புதிய செயலகங்களில் இதற்கென்றே மின்சுற்று உண்டு. 2008-க்கு முந்திய ‘கோர் 2 டுவோ’ போன்ற இன்டெல் செயலகங்களில் அது இல்லை. அறியாத கட்டளை வந்ததும் செயலகம் திகைத்து நின்றுவிடும். கணினி எழவே எழாது. இதற்குக் குறுக்கு வழி இல்லை.

இரண்டாவது, உறுதி தர முடியாது. ஆறாம் தலைமுறைச் செயலகத்தில் பாப்கவுண்ட் உண்டு. விண்டோஸ் 11-க்குத் தேவையான கட்டளைகள் எல்லாமே அதற்குத் தெரியும். ஆனாலும் பழைய செயலகங்களில் சோதித்துப் பார்த்துப் பொறுப்பேற்க நிறுவனம் முன்வரவில்லை. எனவே, நிறுவி நிரல் பட்டியலைப் பார்த்து மறுக்கிறது. அந்தச் சரிபார்ப்பைத் தாண்டினால் இயங்குதளம் ஏறிவிடும். ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருள், சரிபார்ப்பை நீக்கிய நிறுவல் பென்டிரைவைத் தயாரித்துத் தருகிறது.

நான் செய்து பார்த்தேன்

2014-இல் வாங்கிய என் சொந்தக் கணினியில் இதைச் சோதித்தேன். நான்காம் தலைமுறைச் செயலகம், 8 ஜிபி ரேம். முதலில் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். காரணம் எளிய கணக்கு. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கும். தேடும் தகவல் தலைக்கு நேரே வரச் சராசரியாக அதில் பாதி, 4 மில்லிவினாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. காத்திருப்பு ஏறத்தாழ 0.1 மில்லிவினாடிதான். கணினிக்கு வயதாகிவிட்டது என்று நாம் நினைப்பது பல நேரங்களில் தட்டின் தாமதமே.

விண்டோஸ் 11 ஏறியது, நன்றாகவே ஓடியது. ஆனால், இரண்டு பாடங்கள் கற்றேன். கோப்புகளை நகலெடுத்தபோது முகப்புத் திரையில் இருந்த ஒரு கோப்புறையை மறந்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பில் பழைய தட்டையும் அழித்துவிட்டேன். ஓராண்டுத் தேர்வுத்தாள்கள் போயின. அடுத்து, மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வந்தாலும், ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு தானாக வரவில்லை. பென்டிரைவ் தயாரித்து நானே ஏற்ற வேண்டியிருந்தது. மாதாந்திரப் புதுப்பிப்பும் இத்தகைய கணினிகளுக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

ஆக, பூட்டைத் தாண்டலாம். ஆனால், அந்த நாள் முதல் காவல்காரர் நீங்கள்தான்.

எந்த வழி?

மாணவருக்கு மூன்று வழிகளைச் சொன்னேன்.

1. விண்டோஸ் 10-இலேயே இருந்து, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்வது. வீட்டுப் பயனர்களுக்கு இது 2026 அக்டோபர் 13 வரை உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை.

2. ஆதரவில்லாமல் விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது. புதுப்பிப்பு வருகிறதா என்று மாதாமாதம் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கே இது பொருந்தும். வங்கி வேலை நடக்கும் கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

3. லினக்ஸுக்கு மாறுவது. ‘லினக்ஸ் மின்ட்’ இலவசம். 4 ஜிபி ரேம் போதும். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதாவது, பழைய கணினிக்கு முறையான காவல். தட்டில் எதையும் மாற்றாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சில மென்பொருள்கள் அதில் ஓடா.

எந்த வழியானாலும் பெற்றோரின் அனுமதி முதலில், நகலெடுப்பது அடுத்து. நகலைத் திறந்து பார்த்த பிறகே அழிக்கத் தொடங்குங்கள். மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வ இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

குப்பைக்குப் போகும் முன்

2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. மலேசியச் சட்டத்தில் மின்னணுக் கழிவு, ‘எஸ்டபிள்யூ110’ என்ற குறியீட்டில், அட்டவணையிடப்பட்ட கழிவாக வைக்கப்பட்டுள்ளது. ஈயம் போன்ற நச்சுகள் கலந்திருப்பதால் அதைச் சாதாரணக் குப்பையோடு வீசக்கூடாது. நல்ல கணினியை இன்னும் மூன்று ஆண்டுகள் ஓட்டினால், அந்தக் குவியலில் ஒன்று குறையும். வீட்டுச் செலவும் மிச்சம்.

அந்த மாணவர் குடும்பம் முதல் வழியில் இவ்வாண்டைக் கடத்த முடிவு செய்திருக்கிறது. பள்ளி விடுமுறையில் லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஓட்டிப் பார்ப்பதாகவும் மாணவர் சொன்னார். “அப்பாவோட பிரிண்டர் அதில் வேலை செய்யுதான்னு முதல்ல பார்க்கணும் டீச்சர்” என்றார். சரியான சோதனைதான்.

உங்கள் வீட்டுத் திரையிலும் ‘முடியாது’ என்று வந்தால் இதையே கேளுங்கள்: கணினியால் முடியாதா, அல்லது நிறுவனம் உறுதி தர மறுக்கிறதா? விடை தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம்.