மாறவில்லை என்று சொல்லும் கணக்கு

2024 ஜூலை 1 அன்று இந்தியாவின் சாட்சியச் சட்டம் மாறியது. 1872-இல் வெள்ளைக்காரர்கள் இயற்றிய சட்டம் விடைபெற்று, பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறைக்கு வந்தது. அதன் கடைசியில், அட்டவணை என்ற தலைப்பில் ஒரு சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த வீடியோ, சிசிடிவி பதிவு, மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல் என எதன் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாலும் அந்தப் படிவத்தை நிரப்பித் தரவேண்டும். பதிவு எந்தக் கருவியிலிருந்து வந்தது, அதன் மாடல் என்ன, வரிசை எண் என்ன என்று வரிசையாகக் கேட்கும் படிவம், கருவியின் நிறத்தையும் விடாமல் கேட்கிறது. நிறத்தை யாரும் பார்த்து எழுதிவிடலாம். சில வரிகள் தள்ளி வரும் கேள்விதான் பேனாவை நிறுத்தி வைப்பது: இந்தப் பதிவின் ஹேஷ் மதிப்பு என்ன? ஷா-1, ஷா-256, எம்டி5, வேறு ஏதாவது என்றால் அது எது?

வக்கீல் ஆபீஸ்கள் நவீனமாவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே விலை உயர்ந்த மென்பொருள்களுக்குப் போய்விடுகிறது. கேஸ் கட்டுகளை ஸ்கேன் செய்வது, வாய்தாத் தேதியை நினைவூட்டும் செயலி, மனு எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு. எல்லாம் வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு வக்கீல் ஆபீஸ் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஹேஷைத்தான் என்பது என் கட்சி. இதற்குக் காசு செலவில்லை. கருவி ஏற்கெனவே கணினிக்குள் கிடக்கிறது. இதற்குள் இருக்கும் கணிதமோ, பார்க்கப் பார்க்க வியப்பு தரக்கூடியது.

ஹேஷ் என்பது ஒரு கணக்கு. ஒற்றை எழுத்து கொண்ட குறிப்பானாலும் சரி, மூன்று மணி நேர வீடியோவானாலும் சரி, எந்தக் கோப்பை உள்ளே கொடுத்தாலும் வெளியே வருவது ஒரே நீளமுள்ள எண். ஷா-256 முறையில் அதன் நீளம் 256 பிட். இலக்கங்களும் ஆறு எழுத்துகளும் கலந்து எழுதினால் 64 குறிகள். அதே கோப்பைப் பத்து ஆண்டு கழித்து, வேறு ஊரில், வேறு கணினியில் கொடுத்தாலும் அதே 64 குறிகள்தான் வரும். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டால் வருவது முற்றிலும் வேறு எண். ஏதோ ஓரிரு குறிகள் மாறுவதில்லை. 256 பிட்டில் ஏறக்குறைய பாதி புரண்டுவிடும். புதிய எண்ணைப் பார்த்து, மாற்றம் சிறியதா பெரியதா என்றுகூடச் சொல்ல முடியாது.

உள்ளே நடப்பது இதுதான். கோப்பு 64 பைட் துண்டுகளாக வெட்டப்படுகிறது. தலா 32 பிட் கொண்ட எட்டு எண்கள் தயாராக நிற்கின்றன. ஒவ்வொரு துண்டும் வந்ததும் அந்த எட்டு எண்களோடு 64 சுற்று கலக்கப்படுகிறது. பிட்டுகளை வட்டமாகச் சுழற்றுவது, ஒன்றை ஒன்று வைத்துப் புரட்டுவது, கூட்டுவது, கூட்டி 32 பிட்டைத் தாண்டி வழிந்ததைத் தள்ளிவிடுவது, அவ்வளவே. தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் கடினம் இல்லை. பொறுமை இருந்தால் காகிதத்திலேயே போடலாம். ஒரு துண்டு முடிந்ததும் கையில் இருக்கும் எட்டு எண்கள்தான் அடுத்த துண்டுக்குத் தொடக்கம். அதனால் முதல் பைட்டில் செய்த கைவரிசை கடைசித் துண்டுவரை கூடவே வருகிறது. கோப்பின் மொத்த நீளத்தையும் கடைசியில் சேர்த்துக் கலக்குகிறார்கள். முடிவில் மிஞ்சும் எட்டு எண்களை வரிசையாக அடுக்கினால் அதுதான் ஹேஷ்.

இந்தக் கணக்கை வடிவமைத்தது அமெரிக்க உளவுத்துறையான தேசியப் பாதுகாப்பு முகமை. தரமாக வெளியிட்டது அந்நாட்டின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2002-இல். உளவுத்துறை செய்த பூட்டு என்றால் மாற்றுச்சாவி எங்கே என்று கேட்கத் தோன்றுமே. அந்தச் சந்தேகத்தைக் குறைக்க ஓர் அழகான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தொடக்கத்தில் நிற்கும் எட்டு எண்களும் முதல் எட்டுப் பகா எண்களின், அதாவது 2 முதல் 19 வரையானவற்றின், வர்க்கமூலத்தில் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதிகள். 64 சுற்றுகளில் சேர்க்கப்படும் 64 எண்கள், 2 முதல் 311 வரையான பகா எண்களின் கனமூலத்திலிருந்து அதேபோல எடுத்தவை. எண்களை நாங்கள் நைசாகப் பொறுக்கவில்லை, கணிதம் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டோம் என்று காட்டும் வழி இது. வெளியாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுக்கக் கணிதவியலாளர்கள் முட்டிப் பார்த்தும் ஷா-256 நிற்கிறது. பிட்காயினும் இதைப் பெரிதும் நம்பியிருக்கிறது.

உலகில் எத்தனை கோப்புகள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஹேஷ் எண்களுக்கோ எல்லை உண்டு. 2-ஐ 256 முறை பெருக்கினால் கிடைக்கும் 78 இலக்க எண்தான் அந்த எல்லை. அப்படியானால் ஒரே ஹேஷ் கொண்ட இரண்டு கோப்புகள் எங்கோ இருந்தே தீர வேண்டும். இருக்கின்றன, ஆனால் யார் கண்டுபிடிப்பது? ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்ற பழைய கணிதப் புதிரின் தர்க்கப்படி, ஷா-256-இல் அப்படி ஒரு ஜோடி அகப்பட ஏறத்தாழ 2-இன் 128-ஆம் அடுக்கு அளவுக்கு முயற்சிகள் தேவை. நூறு கோடி கணினிகள், ஒவ்வொன்றும் நொடிக்கு நூறு கோடி முயற்சி என்று ஓட்டினாலும் சுமார் பத்து லட்சம் கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும்.

எல்லா ஹேஷுக்கும் இந்தக் கெட்டித்தன்மை கிடையாது. எம்டி5-ஐ 1991-இல் உருவாக்கியவர் எம்ஐடியின் ரொனால்ட் ரிவெஸ்ட். 2004-இல் சீனக் கணிதவியலாளர் வாங் ஷியாவ்யுன் குழுவினர் ஒரே எம்டி5 மதிப்பு கொண்ட இரண்டு வெவ்வேறு தரவுகளைக் காட்டினார்கள். மறு ஆண்டே மாக்னுஸ் டாம், ஸ்டெஃபான் லுக்ஸ் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதை வைத்து இரண்டு கடிதங்கள் செய்தார்கள். ஒன்று, ஓர் ஊழியருக்கு முதலாளி தரும் சாதாரணப் பரிந்துரைக் கடிதம். மற்றொன்று, அதே ஊழியர் ரகசிய ஆவணங்களைப் பார்க்கலாம் என்று அனுமதிக்கும் உத்தரவு. இரண்டுக்கும் எம்டி5 ஒன்றே. ஷா-1-க்கும் 2017-இல் அதே கதி வந்தது. கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து, வெவ்வேறு தோற்றம் கொண்ட, ஆனால் ஒரே ஷா-1 மதிப்பு தரும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. 2030 முடிவதற்குள் ஷா-1-ஐ முழுக்கக் கைவிடுமாறு நிஸ்ட் சொல்லியிருக்கிறது. நம் சட்டத்தின் படிவத்தில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், சம அந்தஸ்தோடு அச்சாகியிருக்கின்றன. 2023-இல் எழுதிய சட்டம் இதைக் கவனித்திருக்கலாம்.

எம்டி5 உடைந்துவிட்டது என்றால் எம்டி5 போட்ட ஆதாரம் எல்லாம் செல்லாக்காசா? குறுக்கு விசாரணையில் யாராவது அப்படி முழங்கினால் அவருக்குப் பாதிதான் தெரியும். டாமும் லுக்ஸும் செய்தது, ஒரே ஹேஷ் வரும்படி இரண்டு கோப்புகளையும் தாங்களே முன்கூட்டித் தயாரித்தது. ஏற்கெனவே வேறொருவர் எடுத்து வைத்த கோப்பு ஒன்றைக் கொடுத்து, இதே எம்டி5 வரும்படி போலியைச் செய்து காட்டு என்றால், அது இன்றும் நடைமுறையில் ஆகாத காரியம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கோப்பை உருவாக்கியவர் யார் என்பது. போலீஸ் கைப்பற்றிய சிசிடிவி பதிவுக்கு எம்டி5 எடுத்திருந்தால், பிறகு அதைத் திருத்தி அதே மதிப்புக்குள் அடைப்பது கடினம். ஆனால் ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து எம்டி5-ஓடு அனுப்பியவரே எதிர்த்தரப்பு என்றால், அவர் பெட்டியில் இன்னொரு ஒப்பந்தம் இருக்கலாம். ஷா-256 எடுத்துவிட்டால் இந்த வாதமே எழாது. எடுக்க ஆகும் நேரமும் உழைப்பும் ஒன்றுதான் என்கிறபோது, உடைந்ததை எதற்குப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

ஹேஷ் நம் சட்டத்துக்குப் புதியதும் இல்லை. 2000-இல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், டிஜிட்டல் கையொப்பத்தை விளக்கும் இடத்தில் அதற்கு ஒரு வரையறையே தருகிறது. ஹேஷிலிருந்து மூல ஆவணத்தைத் திரும்பப் பெற முடியாது, இரண்டு ஆவணங்களுக்கு ஒரே ஹேஷ் வருவது கணக்கிட்டு எட்ட முடியாதது என்று நாடாளுமன்றம் அப்போதே ஒரு கணிதக் கூற்றைச் சட்டமாக்கி வைத்தது. அதே ஆண்டு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவும் நுழைந்தது. அந்தப் பிரிவு கேட்ட சான்றிதழில் ஹேஷ் பற்றிப் பேச்சில்லை. சான்றிதழையே பலர் பொருட்படுத்தவும் இல்லை. பிறகு அன்வர் வழக்கு வந்தது. கேரளத்தில் ஒரு சட்டமன்றத் தேர்தலை எதிர்த்து, பிரசாரப் பாடல்களும் பேச்சுகளும் அடங்கிய குறுந்தகடுகளைத் தாக்கல் செய்தார்கள். சான்றிதழ் இல்லாததால் அவற்றை ஏற்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம், 2014-இல். மகாராஷ்டிரத்தின் ஜால்னா தேர்தல் தொடர்பான அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. மூலக் கருவியையே உரியவர் கொண்டுவந்து காட்டினாலன்றி, சான்றிதழ் கட்டாயம்.

இப்போது அந்தச் சான்றிதழோடு ஹேஷ் சேர்ந்திருக்கிறது. படிவத்தின் முதல் பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்யும் தரப்பும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இன்னொரு பக்கம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையையும் பொருட்களைக் கைப்பற்றுவதையும் காணொளியில் பதிவு செய்யச் சொல்கிறது. ஆக, சாதாரண அடிதடி வழக்கில்கூட இனி வீடியோ கோப்புகள் வந்து குவியும்.

ஹேஷால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். அரக்கு முத்திரை வைத்த பொட்டலம், வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று மட்டுமே சொல்லும். உள்ளே வைத்த பொருள் அசலா என்று முத்திரைக்குத் தெரியாது. ஹேஷும் அப்படித்தான். செயற்கை நுண்ணறிவு செய்த போலி வீடியோவுக்கும் குறையில்லாத ஷா-256 கிடைக்கும். பதிவு உண்மையா என்பதை வழக்கம்போல சாட்சிகளும் சூழ்நிலையும்தான் நிறுவ வேண்டும். ஹேஷ் பேசுவது தன்னை எடுத்த நொடிக்குப் பிறகான காலத்தை மட்டும். சம்பவம் நடந்து ஒரு வருடம் கழித்து, தாக்கல் செய்வதற்கு முதல் நாள் அவசரமாக எடுத்த ஹேஷ் அந்த ஒரு வருடத்தைப் பற்றி வாயே திறக்காது. படிவத்தின் கட்டம் நிரம்பும். கட்சிக்காரருக்குப் பலன் கொஞ்சம்தான்.

ஆகவே முறை மாற வேண்டியது முதல் நாளில். கட்சிக்காரர் பென்டிரைவை மேசையில் வைத்ததும், வழக்கைப் பேசுவதற்கு முன்பே, ஜூனியரோ குமாஸ்தாவோ ஹேஷ் எடுத்துத் தேதி நேரத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதி, கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். விண்டோஸ் கணினியில் உள்ள பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் என்ற கட்டளையைக் கொடுத்தால் அது இயல்பாகவே ஷா-256 தான் எடுக்கிறது. இணையத்தில் இலவசமாக ஹேஷ் எடுத்துத் தரும் தளங்கள் உண்டு. கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்க வேண்டிய வக்கீல் அவர் கோப்பை முகம் தெரியாத தளத்தில் ஏற்றுவது தகாது. பிறகு மூலக் கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு நகலில் வேலை செய்யலாம். நகல் எடுத்தாலோ கோப்பின் பெயரை மாற்றினாலோ ஹேஷ் மாறாது, ஏனென்றால் கணக்கு உள்ளடக்கத்தை மட்டுமே பார்க்கிறது. வேர்டில் திறந்து, ஓர் எழுத்தும் தொடாமல் மறுபடி சேமித்தால்கூட மாறிவிடக்கூடும். முழு பென்டிரைவுக்கோ கைப்பேசிக்கோ ஹேஷ் எடுப்பது இன்னும் நுட்பமான வேலை. இணைத்த மாத்திரத்தில் கணினி அதில் எதையாவது எழுதிவிடும், கைப்பேசியோ இயங்கும்போதே தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். அப்படி எழுதுவதைத் தடுக்கும் கருவி வைத்திருக்கும் தடயவியல் ஆட்களிடம் அதை விட்டுவிடுவது நல்லது.

இதே கணக்கு பெரிய அலுவலகங்களில் வேறொரு வேலையும் பார்க்கிறது. நிறுவன வழக்குகளில் லட்சக்கணக்கான மின்னஞ்சல்களும் இணைப்புகளும் வந்து விழும். ஒரே இணைப்பு நாற்பது பேருக்குப் போயிருக்கும். ஹேஷ் ஒன்றாக இருப்பவற்றைக் கணினி நொடியில் சேர்த்துக் கட்டிவிட்டால், வக்கீல் ஒன்றைப் படித்தால் போதும்.

வழக்கு உள்ளவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆதாரமான படத்தையோ வீடியோவையோ வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் வெறுமனே தட்டிவிடாதீர்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கி வேறு கோப்பாக்கித்தான் அனுப்புகிறது. போய்ச் சேருவதன் ஹேஷ் உங்கள் கைப்பேசியில் இருப்பதன் ஹேஷ் ஆகாது. அனுப்பியே ஆகவேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். முடிந்தால் கைப்பேசியோடு நேரில் போங்கள், அன்றைக்கே ஷா-256 எடுக்கச் சொல்லுங்கள், எழுதிய தாளில் ஒரு பிரதி கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.